திருச்சியில படிக்கப் போறன்: குறைஞ்ச காசில இந்தியா சுத்துறது எப்பிடி?

களுவாஞ்சி வெயில்:

வணக்கம். களுவாஞ்சிக்குடியில இருந்து திருச்சிக்கு மூண்டு வருசப் படிப்புக்குப் போறன். ஸ்டூடன்ட் விசா கிடைச்சிட்டு. ஹொஸ்டலும் சாப்பாடும் பீஸுக்குள்ள வருது. பயணத்துக்கெண்டு மாசம் 2,000 இந்திய ரூபாக்கு மேல ஒதுக்க ஏலாது. சின்ன லீவுகளில தமிழ்நாட்டுக்குள்ளயும், பெரிய லீவில ஒருக்கா ஆக்ரா, தில்லிப் பக்கமும் போற எண்ணம். கூட ரெண்டு பிள்ளையள் வருவாங்க, அவங்களும் நம்மட ஊர்தான்.

கோச்சியில வெளிநாட்டு மாணவருக்குக் கழிவு இருக்கா? ஆதார் இல்லாம டிக்கெட் எடுக்கலாமா? லொட்ஜில இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டினா ரூம் இல்ல எண்டு சொல்லுவாங்களாம், உண்மையா? வீட்ட வாறதுக்குக் கப்பலா பிளேனா லாபம்? யூடியூப்பில இருக்கிறதெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சொல்றது, இல்லாட்டி இந்தியாக்காரருக்குச் சொல்றது. நமக்கெண்டு ஒருத்தரும் சொல்லக் காணல்ல.

வாவிக்கரை:

கழிவு இருக்கு தங்கச்சி, கேட்டாத்தான் கிடைக்கும். இந்திய ரயில்வேயின்ட சலுகைப் பட்டியலில, இந்தியாவில படிக்கிற வெளிநாட்டு மாணவருக்கெண்டே தனியா ஒரு வரி கிடக்கு. லீவில வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைப் பாக்கப் போனாலும், இந்திய அரசு நடத்துற முகாம், கருத்தரங்குக்குப் போனாலும், இரண்டாம் வகுப்பிலயும் சிலீப்பரிலயும் 50 சதவீதம் கழிவு. 2020இல வயசாளிகள்ட சலுகை உட்பட கன சலுகையளை நிப்பாட்டினாங்க. மாணவர், நோயாளர், மாற்றுத்திறனாளிகள்ட சலுகை தப்பிச்சிட்டு.

இதை ஐஆர்சிடிசி செயலியில தேடிப் பிரயோசனமில்ல, அங்க வராது. கொலிஜ் அலுவலகத்தில ரயில் சலுகைப் படிவம் கேட்டு, நிறுவனத் தலைவர்ட கையெழுத்தும் சீலும் வாங்கி, அதோட மாணவர் அடையாள அட்டையும் பாஸ்போட்டும் கொண்டு முன்பதிவுக் கவுன்டருக்குப் போகணும். அலுவலகத்தில இருக்கிறவங்களுக்கு "சொந்த ஊர் போறது", "கல்விச் சுற்றுலா" எண்ட ரெண்டு வகைதான் உடன ஞாபகம் வரும். அவங்க தாற பதில் "உங்கட ஊர் இலங்கை, அதுக்கு கோச்சி இல்லயே" எண்டுதான் இருக்கும். அதால தொடக்கத்திலயே "வெளிநாட்டு மாணவர், விடுமுறை, வரலாற்று இடம்" எண்டு சொல்லிக் கேளுங்க. படிவத்தில எழுதின புறப்படுற இடம், சேருற இடம், வகுப்பு மூண்டும் டிக்கெட்டோட ஒத்துப் போகணும். வெட்டித் திருத்தினா கவுன்டரில திருப்பி விடுவாங்க.

பாதி எண்டு சொன்னாலும் மொத்தக் காசில பாதி இல்ல. அடிப்படைக் கட்டணம் மட்டும்தான் பாதியாகும். சிலீப்பருக்கு முன்பதிவுக் கட்டணம் 20 ரூபா, சூப்பர்பாஸ்ட் கோச்சி எண்டா இன்னும் 30 ரூபா, அது ரெண்டும் முழுசாக் கட்டணும். தத்காலில (பயணத்துக்கு முதல்நாள் திறக்கிற அவசர முன்பதிவு) சலுகை அறவே இல்ல. ஆனபடியா கடைசி நேரத்தில போற ஆளுக்கு இந்தப் படிவம் வெறும் கடதாசிதான். முன்பதிவு 60 நாளைக்கு முதல் திறக்கும் (2024 நவம்பருக்கு முதல் 120 நாளா இருந்தது, பழைய பதிவுகளைப் பாத்து ஏமாறாதீங்க). 60ஆம் நாள் படிவம் கையில இருக்கணுமெண்டா, அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதலாவது அலுவலகத்தில கேட்டு வைங்க.

ஆக்ரா, தில்லிக்கு இன்னொரு வழியும் இருக்கு, கன பேருக்குத் தெரியாது: சுற்றுப் பயண டிக்கெட். புறப்பட்ட இடத்திலயே வந்து முடியிற ஒரு வட்டத்துக்கு ஒரே டிக்கெட், இடையில 8 இடம் வரைக்கும் இறங்கி நிண்டு போகலாம். மொத்தத் தூரத்தை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு ஒருவழிப் பயணமாக் கணக்குப் போடுவாங்க. ரயில்வேக் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு மலிவாகிற மாதிரித்தான் போட்டிருக்கு. அதால துண்டு துண்டா ஆறு டிக்கெட் எடுக்கிறதை விட இது நல்லா இறங்கும். ஆனா எல்லாக் கவுன்டரிலயும் தர மாட்டாங்க. பெரிய ஸ்டேசனில, இல்லாட்டி கோட்ட வணிக அலுவலகத்தில பயணத் திட்டத்தை எழுதிக் குடுக்கணும். திருச்சி ஒரு கோட்டத் தலைமையகம், அது உங்களுக்கு வசதி. ஒவ்வொரு துண்டுக்கும் படுக்கையை மறுகா தனியாப் பதிவு செய்யணும். அதை விட்டுட்டு ஏறினா சிலீப்பருக்குள்ள இடமில்ல.

கல்லடிப் பாலம்:

மேல சொன்னது சரி, ஆதார் விசயத்தை நான் சொல்றன்.

2025 ஜூலையில இருந்து தத்கால் டிக்கெட்டை இணையத்தில எடுக்க ஆதார் இணைச்ச கணக்கு வேணும். சாதாரண முன்பதிவிலயும் திறக்கிற தொடக்க நேரம் ஆதார்க் கணக்குகளுக்குத்தான். ஆதார் இல்லாதவருக்குக் கவுன்டர் திறந்துதான் இருக்கு. தத்காலுக்கும் கவுன்டரில பாஸ்போட்டைக் குடுத்து, போனுக்கு வாற ஓடிபியைச் சொன்னா எடுக்கலாம். பயணத்துக்கு முதல்நாள் ஏசிக்கு 10 மணி, சிலீப்பருக்கு 11 மணிக்குத் திறக்கும். 8 மணிக்கே வரிசையில நிக்கணும். ஞாயிற்றுக்கிழமை கவுன்டர் 2 மணியோட பூட்டு.

இன்னொண்டு, வெளிநாட்டவரும் ஆதார் எடுக்கலாம். விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின 12 மாசத்தில 182 நாள் இந்தியாவில இருந்திருக்கணும், விசா இருக்கிற மட்டும் அது செல்லும். முதல் வருசம் கவுன்டர், ரெண்டாம் வருசம் ஆதார். மூண்டு வருசம் நிக்கிற ஆளுக்கு இது எடுக்க வேண்டிய சாமான்தான். அதுக்கெல்லாம் முதல், வந்திறங்கி 14 நாளைக்குள்ள இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில வெளிநாட்டவர் பதிவை முடிச்சிருக்கணும். அந்தக் கடதாசி இல்லாம தூரப் பயணம் போறது புத்தியில்ல.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டில நம்மட ஆக்கள் மாட்டுப்படுறது இப்பிடித்தான்: இணையத்தில எடுத்தது உறுதியாகாட்டி தானாகவே ரத்தாகி, சின்னத் தொகையை வெட்டிக்கொண்டு மிச்சக் காசு திரும்பி வரும். கவுன்டரில எடுத்த கடதாசி டிக்கெட் தானா ரத்தாகாது! கோச்சி புறப்பட 30 நிமிசத்துக்கு முதல் நீங்களே ரத்துச் செய்யணும், இல்லாட்டி காசு போச்சு. முந்தி அந்தக் கடதாசியோட சிலீப்பரில ஏறி ஒரு மூலையில நிண்டு போவாங்க. 2025 மே மாசத்தில இருந்து அதுவும் சரிவராது, பிடிச்சா ஆகக் குறைஞ்சது 250 ரூபா தண்டமும் கட்டணமும் அறவிட்டு இறக்கி விடுவாங்க. ஆர்ஏசி எண்டு வந்தா மட்டும் பயமில்லாம ஏறுங்க. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில ரெண்டு பேர் இருந்துகொண்டு போகலாம், ஆரும் வராட்டி முழுப் படுக்கையும் கிடைக்கும்.

கிட்டின ஊருகளுக்கு முன்பதிவே தேவையில்ல. தஞ்சாவூர் 50 கிலோமீட்டர்தான். பசஞ்சர் கோச்சியில 10 ரூபாயில இருந்து கட்டணம் தொடங்குது, தேத்தண்ணி விலை. முன்பதிவில்லா டிக்கெட்டை ரயில்வன் செயலியில எடுக்கலாம். 200 கிலோமீட்டருக்குக் குறைஞ்ச தூரமெண்டா எடுத்து 3 மணித்தியாலத்துக்குள்ள பயணத்தைத் தொடங்கணும். காலையில எடுத்து வச்சுட்டுப் பின்னேரம் போனா அது டிக்கெட் இல்லாத பயணக் கணக்குத்தான். சென்னையில பிளேனால இறங்கினா டாக்சிக்காரரோட மாரடிக்க வேணாம், எயார்போட்டுக்கு முன்னால ரோட்டைக் கடந்தா திரிசூலம் ஸ்டேசன். அங்கயிருந்து எழும்பூருக்கு உள்ளூர்க் கோச்சி ஓடுது. தெற்கால போற பஸ் எடுக்கக் கோயம்பேட்டுக்குப் போயிராதீங்க. 2023 கடைசியில இருந்து கிளாம்பாக்கம்தான்.

மண்டூர் மழை:

லொட்ஜ் கேள்விக்கு ஒருத்தரும் வரல்ல, நான் வாறன்.

ரூம் இல்ல எண்டு சொல்றது நடக்கிறதுதான், அதில முக்காவாசி வெறுப்பில சொல்றதில்ல. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற எந்த இடமும் 24 மணித்தியாலத்துக்குள்ள அவர்ட விபரத்தை இணையத்தில அரசுக்குப் பதியணும். ஃபோம்-சி எண்டுதான் இதைச் சொல்லுவாங்க. மலிவு லொட்ஜ்காரருக்கு அதுக்கான கணக்கு இருக்காது, இருந்தாலும் அந்தக் கரைச்சலுக்கு நிக்க மாட்டாங்க. நம்மட பேச்சைக் கேட்டு முதல்ல உள்ளூர் ஆளெண்டு நினைச்சு ரூம் இருக்கு எண்டுவாங்க, பாஸ்போட்டை எடுத்த உடன முகம் மாறும். செயலியில காசைக் கட்டிட்டு இரவு 10 மணிக்குப் போய் நிண்டு இதைக் கேக்கிறதுதான் ஆபத்து. புக் பண்ண முதல் அந்த இடத்துக்கே போன் எடுத்து, "மூணு பேர், இலங்கை பாஸ்போர்ட், ஸ்டூடன்ட் விசா, ஃபோம்-சி போடுவீங்களா?" எண்டு இப்பிடியே கேளுங்க. "ஆதார் இருந்தாப் போதும்" எண்டு பதில் வந்தா அவங்களுக்கு விளங்கல்ல, வேற இடம் பாருங்க. "இந்தியன் எண்டு எழுதிக்கிறேன்" எண்டு சொல்றவரிட்டத் தங்கவே வேணாம். சோதினை வந்தா விசாவில விழுறது உங்கட பேர்.

இதால லொட்ஜ் இரவுகளைக் குறைக்கிறதுதான் பெரிய மிச்சம். ராவுக் கோச்சியில போய், ஸ்டேசன் காத்திருப்பு அறையில முகம் கழுவி, பையை அங்கயே பொருட்காப்பறையில குடுத்துட்டு ஊரைப் பாத்து, அடுத்த ராவுக் கோச்சி எடுக்கலாம். பைக்குப் பூட்டு இல்லாட்டி எடுக்க மாட்டாங்க, டிக்கெட்டும் காட்டணும். சின்னப் பூட்டும் ஒரு சங்கிலியும் திருச்சியிலயே வாங்கி வைங்க, படுக்கைக்குக் கீழ பையைக் கட்டவும் உதவும். தொடர்ந்து மூண்டு ராவுக்கு மேல இப்பிடிப் போகாதீங்க, நாலாம் நாள் காய்ச்சல்தான்.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு ரெண்டு விசயம். தூரக் கோச்சிகளில சிலீப்பரில பெண்களுக்கெண்டு 6 படுக்கை ஒதுக்கியிருக்கு. ஆம்பிளை இல்லாத குழுவெண்டா அந்த ஒதுக்கீட்டைத் தெரிவு செய்து எடுக்கலாம், பொதுப் பட்டியல் நிரம்பினாலும் இதில சிலவேளை இடம் கிடக்கும். கோச்சிக்குள்ள கரைச்சலெண்டா 139. மற்றது, தமிழ்நாட்டில சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில பெண்களுக்கு டிக்கெட் காசு இல்ல, 2021இல இருந்து. கண்டக்டர் பூச்சிய டிக்கெட் ஒண்டு தருவார், அதை வச்சுக்கொள்ளுங்க. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், வெளியூர்ப் பஸ்ஸுக்கு இது இல்ல. அதே நினைப்பில பெங்களூரில ஏறினா வெக்கப்படணும், கர்நாடகத்தில அந்தச் சலுகை அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும்.

களுவாஞ்சி வெயில்:

நன்றி எல்லாருக்கும். படிவ விசயம் கொலிஜில சேர்ந்த உடன கேக்கிறன். தாஜ்மகாலுக்கு வெளிநாட்டவருக்கு 1,100 ரூபா எண்டு கிடக்கு. மாசக் காசில பாதி அதுக்கே போயிரும் போல?

வாவிக்கரை:

1,100 உங்களுக்கில்ல. பாஸ்போட் காசு மிச்சம் பிடிச்சுத் தாற இடம் எண்டா இதுதான். இந்தியத் தொல்லியல் துறைக்குக் கீழ உள்ள இடங்களில சார்க், பிம்ஸ்டெக் எண்ட அயல்நாட்டுக் கூட்டமைப்புகளில உள்ள நாட்டவருக்குத் தனி விலை. இலங்கை ரெண்டிலயும் இருக்கு. தாஜில அது 540 ரூபா. தூர நிண்டு பாக்காம உள்ளுக்குள்ள சமாதி மேடைக்கு ஏறணுமெண்டா இன்னும் 200, அது எல்லாருக்கும் ஒண்டுதான். தாஜில ஆக்ரா நகர அதிகாரசபையின்ட வரியும் சேருறதாலதான் 540க்கு வருது. ஆக்ராவுக்கு வெளிய உள்ள இடங்களில சார்க் விலையும் இந்தியர் விலையும் ஒண்டே: மாமல்லபுரம், ஹம்பி, அஜந்தா, எல்லோரா மாதிரி இடங்களில 40 ரூபா, வெளிநாட்டவருக்கு 600. மாமல்லபுரத்தில கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அண்டைக்கு ஒரே டிக்கெட். அருச்சுனன் தபசு திறந்த வெளி, காசில்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் காசில்ல.

கவுன்டரில வெளிநாட்டவர் வரிசையும் இந்தியர் வரிசையும்தான் கண்ணுக்குத் தெரியும். "சார்க், ஸ்ரீலங்கா" எண்டு சொல்லிப் பாஸ்போட்டின்ட மூலப்பிரதியைக் காட்டுங்க, போட்டோ கொப்பியைச் சில வாசலில ஏற்க மாட்டாங்க. இணையத்தில எடுத்தா நாட்டுப் பட்டியலில சரியாத் தெரிவு செய்யுங்க. இந்தியர் எண்டு எடுத்துட்டு வாசலில இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டினா அந்த டிக்கெட் செல்லாது. மாநில அரசின்ட அருங்காட்சியகங்கள், தனியார் கோட்டைகள் இந்த விலைக்குள்ள வராது, அங்கங்க பலகையைப் பாருங்க. தாஜ் வெள்ளிக்கிழமை பூட்டு, இதை மறந்து கோச்சி பதிஞ்சா எல்லாம் வீண்.

சென்னை சென்ட்ரலில இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ராவில நிண்டு தில்லி போகுது, முழுத் தூரம் 2,180 கிலோமீட்டர் அளவில. முதல் ஆக்ராவில இறங்கி, மறுகா தில்லி போறது நல்லம். டிசம்பர், சனவரி எண்டா வடக்கில மூடுபனி, கோச்சி மணிக்கணக்கில பிந்தும். ஆக்ராவில இருந்து வாற கோச்சிக்கும் அடுத்ததுக்கும் இடையில அரை நாளாவது விடுங்க. உங்கட ஸ்டேசனில 3 மணித்தியாலத்துக்கு மேல பிந்தி, நீங்க போகாம விட்டா முழுக் காசும் கேக்கலாம், ஆனா கோச்சி புறப்பட முதல், கவுன்டர் டிக்கெட்டெண்டா அதைக் கவுன்டரில திருப்பிக் குடுக்கணும், இணைய டிக்கெட்டெண்டா டிடிஆர் எண்ட விண்ணப்பத்தைப் போடணும். சிலீப்பரில போர்வை தர மாட்டாங்க. மட்டக்களப்பு மார்கழிக் குளிரை நினைச்சுக்கொண்டு ஒரு சீலையோட போனா விறைச்சுப் போவீங்க. மே மாசத்தில அங்க போற எண்ணத்தை விட்டுடுங்க.

அக்கரை நானா:

தங்கச்சி, வீட்ட வாற கதைய நான் சொல்றன்.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2024 ஆகஸ்டில இருந்து சிவகங்கை எண்ட பேரில ஓடுது, 60 கடல் மைல் அளவு, நாலு மணித்தியாலம் மட்டில. திருச்சியில இருந்து நாகபட்டினம் 130 கிலோமீட்டர் போல, காரைக்கால் போற பசஞ்சர் தஞ்சாவூர், திருவாரூர் ஊடாகப் போகுது. கப்பல் காலையில வெளிக்கிடுறதால முதல்நாளே போய் நிக்கணும். பக்கத்திலதான் வேளாங்கண்ணியும் நாகூரும். ரெண்டு இடத்திலயும் யாத்திரீகர் தங்கிற இடம் நிறைய இரிக்கு, வெளியூர்ச் சனத்துக்குப் பழகின இடம். மண்டூர் மழை சொன்ன ஃபோம்-சி கேள்விய அங்கயும் போனில கேட்டுட்டே போங்க. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் தெரிஞ்சவங்களுக்கு நாகூர் புதிசாத் தெரியாது.

கப்பல் டிக்கெட் பிளேனை விட மலிவு எண்டதை மட்டும் பாத்துக் கணக்குப் போடாதீங்க. நாகபட்டினத்தில ஒரு ராத் தங்கிற காசு, காங்கேசன்துறையில இருந்து யாழ்ப்பாண டவுன், அங்கயிருந்து மட்டக்களப்புக்கு ராப் பஸ், இடையில சாப்பாடு எல்லாத்தையும் கூட்டுங்க. சாமான் குறைய எண்டா கப்பல் லாபம்தான். கூடுதல் நிறைக்குத் தனிக் காசு, அளவை அடிக்கடி மாத்துறாங்க, புக் பண்ற அண்டைக்குப் பாத்துக்கோங்க. ஐப்பசி, கார்த்திகையில கடல் கொந்தளிச்சா கப்பலை நிப்பாட்டிருவாங்க. விசா முடியிற கிழமை, பரீட்சைக்கு முதல்நாள் இப்பிடியான நேரத்தில கப்பலை நம்பி இரிக்காதீங்க.

பிளேனெண்டா திருச்சி–கொழும்பு இரிக்கு, 2025 மார்ச்சில திருச்சி–பலாலியும் தொடங்கினாங்க. கட்டுநாயக்காவில இறங்கினா பகல் நேரத்தில புறக்கோட்டைக்குத் திரும்பிப் போக வேணாம், குருநாகலுக்குப் போனா மட்டக்களப்பு பஸ் தம்புள்ள, ஹபரண, பொலன்னறுவ வழியா அதாலதான் வருது. சீட் கிடைக்கிறது அதிட்டம், வெள்ளிக்கிழமையில கிடைக்காது. மாரியில மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ரோட்டுக்கு மேல ஏறினா அந்த வழி பூட்டுப்படும். நம்மட அக்கரைப்பற்று, கல்முனைச் சனத்துக்கு அப்ப கண்டி, மகியங்கன, அம்பாறை வழி இரிக்கு. களுவாஞ்சிக்குடிக்கும் அதால வந்து கல்முனையில இறங்கிக்கொள்ளலாம்.

காசு கொண்டு போறதுல ஒரு சின்ன விசயம். இந்தியாவில தேத்தண்ணிக் கடையிலயும் யூபிஐதான் (போனால கியூஆரை ஸ்கான் பண்ணிக் காசு கட்டுறது). இலங்கை பாங்க் செயலி அந்தக் கியூஆருக்கு வேலை செய்யாது. 2024இல தொடங்கினது இந்தியாக்காரர் இங்க வந்து கட்டுறதுக்குத்தான். கொலிஜின்ட அத்தாட்சிக் கடிதத்தோட அங்க பாங்கில என்ஆர்ஓ எண்ட வகைக் கணக்கு ஒண்டு திறந்தா யூபிஐ பக்கம் போகலாம். விலாசச் சான்றை 30 நாளைக்குள்ள குடுக்கணும். அதுவரைக்கும் ஊர்க் கார்ட்டில எடுக்கிறதெண்டா, மெசின் எந்தக் காசில கழிக்கிற எண்டு கேக்கும். இலங்கை ரூபா எண்டு அழுத்தினா மாத்துவிலையில நல்லாக் கடிக்கும், இந்திய ரூபாவைத்தான் அழுத்தணும்.

கல்லடிப் பாலம்:

நானா சொன்ன கப்பலுக்கு ஒரு சேர்க்கை: லீவுக்கு வந்து திரும்பிப் போற ஆள், விசாவில பல தடவை நுழையலாம் எண்டு அடிச்சிருக்கா எண்டு ஊரை விட்டு வெளிக்கிட முதல் பாக்கணும். எஃப்ஆர்ஆர்ஓ பதிவுப் பத்திரத்தின்ட கொப்பி ஒண்டு பாஸ்போட்டுக்குள்ளயே கிடக்கட்டும். பாஸ்போட் துலைஞ்சா முதல்ல பொலிஸ் முறைப்பாடு, மறுகா சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகம். ரெண்டுக்கும் கொப்பி இருந்தா ஒரு நாளில முடியிற வேலை ஒரு கிழமையா இழுபடாது.

களுவாஞ்சி வெயில்:

சலுகைப் படிவம் மூண்டு பேருக்கும் ஒண்டா, தனித்தனியா?

வாவிக்கரை:

தனித்தனியா எடுங்க. ஒருத்தர் வராம விட்டா மற்ற ரெண்டு பேர்ட டிக்கெட்டும் சிக்கலில்லாம இருக்கும். கவுன்டரில முன்பதிவுப் படிவத்தை மட்டும் மூண்டு பேருக்கும் ஒண்டா நிரப்பிக் குடுங்க, அப்பதான் ஒரே பெட்டிக்குள்ள படுக்கை விழும்.